பெருக்கல் குறியைப் படித்த பிள்ளைகள்

2015 ஜூலையில் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து மும்பைக்கு வந்த பள்ளி மாணவர்கள் ஐந்து மணி நேரத் தேர்வு ஒன்றை எழுதினார்கள். மேசைமேல் ஒரு லேசர், ஒரு திரை, அளவுகோல், கூடவே மெல்லிய கம்பியால் ஆன குட்டி ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மேல் லேசர் ஒளியை விழவைத்து, எதிரே திரையில் தெரிவதை மட்டும் அளந்து, கம்பியின் தடிமன் என்ன, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பிரிங்கின் நிழல் திரையில் விழும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். விழுந்தது நிழல் அல்ல. சிவப்புப் புள்ளிகளால் ஆன ஒரு பெருக்கல் குறி.

அது 46ஆவது சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடின் செய்முறைத் தேர்வு. அந்தப் பெருக்கல் குறிக்கு ஒரு முன்கதை உண்டு. 1952 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளினும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் ரேமண்ட் கோஸ்லிங்கும் ஈரமான டி.என்.ஏ. இழை ஒன்றை எக்ஸ் கதிர்களின் பாதையில் வைத்துப் படம் எடுத்தார்கள். அறுபது மணி நேரத்துக்கும் மேல் கதிர் பாய்ந்த பிறகு ஃபிலிமில் பதிந்திருந்ததும் இதே குறிதான். பின்னாளில் ‘51ஆம் படம்’ என்று பெயர் பெற்றது அது. டி.என்.ஏ. மூலக்கூறு ஒரு திருகுச் சுருள் என்பதற்குக் கிடைத்த மிக வலுவான சாட்சி. மும்பையில் வினாத்தாள் அமைத்தவர்கள் அந்தச் சாட்சியைப் பதினேழு வயதுப் பிள்ளையின் மேசைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எக்ஸ் கதிருக்குப் பதில் சிவப்பு லேசர், டி.என்.ஏ.வுக்குப் பதில் ஸ்பிரிங். இயற்பியல் மட்டும் அப்படியே.

ஒலிம்பியாட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது விமான நிலையத்தில் மாலையோடு நிற்கும் பிள்ளைகளின் புகைப்படமும் பதக்கப் பட்டியலும்தான். பதக்கத்தில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. உழைத்த பிள்ளைகள் வாங்கட்டும். ஆனால் இந்தப் போட்டிகளின் உண்மையான செல்வம் வினாத்தாள்களில் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். நல்ல ஒலிம்பியாட் வினா பிள்ளையை மடக்கப் போடும் புதிர் அல்ல. உலகம் பல ஆண்டுகள் திணறிக் கண்டுபிடித்த ஒன்றை, ஐந்து மணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய பாதையாகச் செதுக்கித் தருவது. இந்த ஸ்பிரிங் வினாவை விரிவாகப் பார்த்தால் அது புரியும்.

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று சிறு வகுப்பில் படிக்கிறோம். கதவு, சுவர், கை போன்ற பெரிய தடைகளுக்கு அது போதும். தடை மெலிந்துகொண்டே போனால் ஒளி அதன் ஓரங்களில் வளைந்து பரவுவது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பாடநூல்கள் இதை விளிம்பு விளைவு என்கின்றன. வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டறையில் சிவப்பு லேசர் சுட்டியின் முன்னால் ஒரு தலைமுடியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரில், நடுப் புள்ளிக்கு இடமும் வலமுமாக ஒளிக் கீற்றுகள் வரிசையாக நீளும், இடையிடையே இருள். முடியின் தடிமன் 0.07 மில்லிமீட்டர் என்றால் இருளுக்கும் இருளுக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 2.8 சென்டிமீட்டர். கணக்கு எளிது. ஒளியின் அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, முடியின் தடிமனால் வகுத்தால் போதும். திருப்பிப் போட்டால், சுவரில் அளந்த சென்டிமீட்டரிலிருந்து முடியின் தடிமன் கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கில் வகுக்கும் இடத்தில் இருப்பது முடியின் தடிமன் என்பதைக் கவனியுங்கள். முடி பாதியாக மெலிந்தால் சுவரில் கீற்றுகள் இரண்டு மடங்கு அகலும். பொருள் சிறுக்கச் சிறுக்க அதன் தடயம் பெருக்கிறது. கண்ணுக்கு எட்டாத ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமலே பெரிதாக்கிக் காட்டும் வேலையை ஒளியே செய்துவிடுகிறது. அணுக்களின் அடுக்கை மனிதர் அறிந்தது இந்தத் தலைகீழ் உறவால்தான்.

இன்னொன்றும் உண்டு. முடியைச் செங்குத்தாகப் பிடித்தால் கீற்றுகள் கிடைமட்டமாக ஓடும். முடியைச் சாய்த்தால் கீற்றுகளும் கூடவே திரும்பும், எப்போதும் முடிக்குச் செங்குத்தாகவே நிற்கும். கறுப்புக் குடையை விரித்து, துணி வழியே தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்தவர்களுக்கு விளக்கைச் சுற்றி ஒரு சிலுவை தெரிந்திருக்கும். பாவு நூல் ஒரு திசையிலும் ஊடை நூல் இன்னொரு திசையிலும் ஒளியைப் பரப்புவதால் வருவது அது.

இப்போது ஸ்பிரிங்குக்கு வருவோம். நிமிர்த்தி வைத்த ஸ்பிரிங்கைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நம் பக்கம் உள்ள கம்பிகள் எல்லாம் ஒரு திசையில் சாய்ந்திருக்கின்றன. பின்பக்கத்துக் கம்பிகள் எதிர்த் திசையில் சாய்ந்திருக்கின்றன. லேசர் ஒளி இரண்டையும் தாண்டித்தான் போகிறது. முன்பக்கக் கம்பிகள் தங்களுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுக்கின்றன. பின்பக்கக் கம்பிகள் இன்னொரு கோடு இழுக்கின்றன. இரண்டு கோடுகளும் நடுவில் வெட்டிக்கொள்ள, திரையில் பெருக்கல் குறி. அதன் இரு கைகளுக்கு இடையிலுள்ள கோணத்தில் பாதிதான் கம்பியின் சாய்வு. கைகளை உற்றுப் பார்த்தால் அவை தொடர்ச்சியான கோடுகள் அல்ல, நெருக்கமான புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் இடைவெளி, சுற்றுக்குச் சுற்று உள்ள தூரத்தைச் சொல்கிறது. கை நெடுக ஆங்காங்கே புள்ளிகள் மங்கி மறைந்து மீண்டும் தோன்றும்; அந்த மறைவு கம்பியின் தடிமனைச் சொல்கிறது. சாய்வு, இடைவெளி, தடிமன் மூன்றும் ஒரே படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிப்பதுதான் மாணவரின் வேலை.

பிராங்க்ளினின் படத்தையும் இதே மொழியில் படிக்கலாம். பெருக்கல் குறி இருக்கிறது, ஆகவே திருகுச் சுருள். குறியின் கைகளில் கறைகள் படிப்படியாக, சம உயர வரிசைகளில் நிற்கின்றன. அந்த வரிசைகளின் இடைவெளியிலிருந்து, டி.என்.ஏ. ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 3.4 நானோமீட்டர் நீளம் ஆகிறது என்று தெரிந்தது. படத்தின் மேலும் கீழும் விளிம்போரம் அடர்த்தியாக இரண்டு கறைகள் உண்டு. அவை சொன்னது 0.34 நானோமீட்டர், சுருளுக்குள் அடுக்கப்பட்ட காரங்களின் இடைவெளி. பெரியதைச் சிறியதால் வகுத்தால் பத்து. ஒரு சுற்றுக்குப் பத்துப் படிகள். உயிருள்ள செல்லைத் தொடாமல், மூலக்கூறைக் கண்ணால் பாராமல் இத்தனையும் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த தடயம், படத்தில் இல்லாத ஒன்று. நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஒன்று, இரண்டு, மூன்று வரிசைகளில் கறை இருக்கிறது, நான்காவதில் இல்லை, ஐந்தாவதில் மீண்டும் வருகிறது. ஏன் நான்காவதைக் காணோம்? ஒரே சுருளாக இருந்தால் அது காணாமல் போகக் காரணமில்லை. இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று தழுவியபடி, ஒரு சுற்றின் நீளத்தில் எட்டில் மூன்று பங்கு விலகி நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசைக்கு வரும்போது இரண்டு சுருள்களிலிருந்தும் கிளம்பிய அலைகளுக்கிடையே எட்டில் மூன்று அலை வித்தியாசம். இரண்டாவது வரிசையில் எட்டில் ஆறு. நான்காவதில் எட்டில் பன்னிரண்டு, அதாவது ஒன்றரை அலை. ஒன்றரை என்றால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஃபிலிம் வெறுமையாக நிற்கும். இல்லாத கறைதான் டி.என்.ஏ. ஒற்றை அல்ல, இரட்டை என்று சொல்கிறது.

மும்பை வினாவின் இரண்டாம் பகுதி இதுதான். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, கண்ணாடித் தகட்டில் அச்சிட்ட இரட்டைச் சுருள் வடிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். இப்போது திரையில் விழும் புள்ளிகளின் பிரகாசம் ஒழுங்காகக் கூடிக் குறையும். அதைக் கொண்டு இரண்டு இழைகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று சொல்ல வேண்டும். டி.என்.ஏ.வின் சுற்று நீளம் 3.4 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள சுருள் அதைப் போல ஏறத்தாழ மூன்று லட்சம் மடங்கு பெரியது. அலைநீளத்தையும் பொருளையும் சேர்த்துப் பெரிதாக்கினால் படத்தின் வடிவம் மாறாது என்ற ஒரே நம்பிக்கையில், நுண்ணுலகத்து இரகசியம் ஒன்று மேசைமேல் ஏறிவிட்டது. இப்படி ஒரு வினாவை யோசித்தவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

அந்தப் படத்தின் கதையில் வலி தரும் பக்கம் ஒன்று உண்டு. 1953 ஜனவரியில் அதே கிங்ஸ் கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ், பிராங்க்ளினைக் கேட்காமலேயே அதை, டி.என்.ஏ.வின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்சனிடம் காட்டினார். அந்த ஏப்ரலில் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் இரட்டைச் சுருளை அறிவித்தார்கள். பிராங்க்ளின் 1958இல், 37 வயதில் காலமானார். 1962இன் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போனது. பிராங்க்ளின் அளந்து வைத்த அளவுகளை 2015இல் உலகத்துப் பிள்ளைகள் மறுபடி அளந்தது ஒருவகையில் அவருக்குச் செய்த மரியாதை. அந்தத் தேர்வுக் கூடங்களில் மாணவிகள் இன்றைக்கும் சொற்பமாகவே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயற்பியல் ஒலிம்பியாடில் இது எந்த ஒரு நாட்டுக்கும் மட்டுமான குறை அல்ல.

பெருக்கல் குறிகளைப் படித்துச் சுருள்களைக் கண்டுபிடித்த அந்த ஆண்டுகளில் சென்னையும் முன்வரிசையில் இருந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்த ஜி.என். ராமச்சந்திரன், அங்கே வந்த ஜே.டி. பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியின் யோசனையைக் கேட்டு, தோலையும் எலும்பையும் தசைநாரையும் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கையில் எடுத்தார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். கங்காரு வாலின் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜன்கூட அவருடைய எக்ஸ் கதிர்க் கருவிக்கு வந்தது. அந்தப் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற ஒரே அமினோ அமிலம். மூன்று என்ற அந்த எண்ணையும் எக்ஸ் கதிர்ப் படங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் ஒரு மும்மைச் சுருள் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். டி.என்.ஏ. அறிவிப்பு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மறுஆண்டே அந்த வடிவத்தைத் திருத்திச் செம்மையாக்கினார்கள். நம் பிளஸ் டூ மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது ஏக்கமாக இருக்கிறது.

இனி போட்டியின் பக்கம். பள்ளி மாணவர்களுக்குக் கடினமான கணக்குப் போட்டி வைக்கும் வழக்கத்தை ஹங்கேரி 1894இலேயே தொடங்கிவிட்டது. பின்னர் இயற்பியலும் சேர்ந்தது. விமானவியலின் தியோடர் வான் கார்மனும் அணுக்கரு இயற்பியலின் எட்வர்ட் டெல்லரும் அந்தப் போட்டிகளில் வென்ற பிள்ளைகள்தான். சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாட் 1967இல் போலந்தின் வார்சாவில், ஐந்தே நாடுகளோடு ஆரம்பித்தது. இந்தியா கணிதத்தில் 1989 முதலும் இயற்பியலில் 1998 முதலும் கலந்துகொள்கிறது.

நம் நாட்டில் இதற்கான வழி ஊர்ப் பள்ளியிலிருந்தே கிளம்புகிறது. முதல் கட்டம் இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பர் மாதவாக்கில் நடத்தும் தேசியத் தேர்வு. பல்லாயிரம் மாணவர்கள் எழுதுவார்கள். அதிலிருந்து சில நூறு பேர் இந்திய தேசிய ஒலிம்பியாடுக்குப் போவார்கள். அதிலும் தேறிய முப்பத்தைந்து பேர் அளவில் மும்பை மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் முகாமுக்கு அழைக்கப்படுவார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் 1974 முதல் இயங்கும் மையம் அது. முகாம் முடிவில் ஐந்து பேர் இந்திய அணி. வேதியியல், உயிரியல், வானியல், இளநிலை அறிவியல் ஆகியவற்றுக்கும் இதே போன்ற ஏணிகள் உண்டு.

போட்டி நாடுகளுக்கிடையே என்று பேச்சுக்குச் சொன்னாலும், தேர்வை ஒவ்வொருவரும் தனியாகவே எழுதுகிறார்கள். இருபது வயதுக்குள் இருக்க வேண்டும்; பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கக் கூடாது. கருத்தியல் தேர்வு ஐந்து மணி நேரம், 30 மதிப்பெண். செய்முறைத் தேர்வு இன்னொரு நாள் ஐந்து மணி நேரம், 20 மதிப்பெண். தேர்வுக்கு முந்தைய நாள் எல்லா நாட்டு ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து வினாத்தாளை வரி வரியாக விவாதிப்பார்கள். பிறகு விடிய விடிய அதைத் தத்தம் மாணவரின் மொழியில் பெயர்ப்பார்கள். அதுவரை ஆசிரியரும் மாணவரும் தனித்தனி விடுதியில், பேசிக்கொள்ள வழியில்லை. இயற்பியலைப் பரிசோதிக்கும் தேர்வில் அந்நிய மொழி ஒரு பிள்ளைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற இந்த ஏற்பாடு, ஒலிம்பியாடின் மிக நேர்மையான ஏற்பாடு என்பேன். விடைத்தாள் திருத்தியபின் இன்னொரு சுற்று உண்டு. அணித் தலைவர்கள் தங்கள் மாணவரின் விடைத்தாளோடு வந்து அமர்ந்து, இந்த வரைபடத்துக்கு ஏன் அரை மதிப்பெண் குறைந்தது என்று வாதாடுவார்கள். நியாயம் இருந்தால் கூடும்.

ஸ்பிரிங் வினாவோடு அன்றைக்கு இன்னொரு செய்முறை வினாவும் இருந்தது. அதன் பொருள் வெறும் தண்ணீர். தட்டில் உள்ள நீரின் பரப்பை ஓர் அதிர்வி மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சிற்றலைகள் கிளம்பும். அந்தப் பரப்பின்மேல் லேசர் ஒளியை மிகச் சாய்வாக, கிட்டத்தட்ட நீரை உரசியபடி விழவைத்தால், சிற்றலைகளின் வரிசை முடியும் கம்பியும் செய்த வேலையையே செய்யும். எதிர்ச் சுவரில் புள்ளிகள் தோன்றும். புள்ளிகளின் இடைவெளியிலிருந்து சிற்றலையின் அலைநீளம் வரும். அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அளந்து வரைபடம் போட வேண்டும்.

வரைபடம் சொல்லும் செய்தி விசித்திரமானது. அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் அலைநீளம் பாதியாகும் என்று எதிர்பார்ப்போம், ஒலிக்கு அப்படித்தான். நீரின் சிற்றலைக்கு அப்படி இல்லை. நொடிக்கு 100 அதிர்வு என்றால் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர். 200 ஆக்கினால் இரண்டேகால் மில்லிமீட்டர் அளவில் நிற்கும். பாதியாகச் சுருங்குவதில்லை. காரணம், குட்டையான சிற்றலை வேகமாக ஓடுகிறது. கடலில் கதை தலைகீழ். அங்கே நீண்ட அலைகள்தான் வேகமானவை. கடலலையை மீண்டும் கீழே இழுப்பது புவியீர்ப்பு. சிற்றலையை இழுப்பது நீரின் பரப்பு இழுவிசை. நீர்ச்சிலந்தியைத் தாங்குவதும் மழைத்துளியை உருண்டையாக்குவதும் அந்த விசைதான். இரண்டு அச்சுகளிலும் மடக்கை எடுத்துப் போட்டால் வரைபடம் நேர்கோடாகிவிடும், சாய்வு ஒன்றரை. அந்தக் கோட்டிலிருந்து பரப்பு இழுவிசையின் மதிப்பையும் எடுத்துவிடலாம். அதிர்வியிலிருந்து விலக விலகச் சிற்றலை எவ்வளவு தேய்கிறது என்று பார்த்து நீரின் பாகியலையும் கணக்கிடச் சொன்னார்கள். அதிர்வியும் தட்டு நீரும் லேசரும் போதும். நீரின் இரண்டு குணங்கள் எண்களாகக் கைக்கு வந்துவிடுகின்றன.

கருத்தியல் தாளைப் பற்றி ஒன்றே ஒன்று. அதில் சூரியனிலிருந்து வரும் துகள்களைப் பற்றிய வினா இருந்தது. சூரியனின் மையத்தில் அணுக்கருக்கள் இணையும்போது எலக்ட்ரான் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன; பூமிக்கு வரும் வழியில் சில வேறு வகை நியூட்ரினோக்களாக மாறிவிடுகின்றன. கருவி மாறியவற்றை ஆறில் ஒரு பங்குத் திறனோடுதான் பிடிக்கும். எதிர்பார்த்த எண்ணிக்கை இவ்வளவு, பிடிபட்டது இவ்வளவு என்றால் மாறிய பங்கு எவ்வளவு? ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் தெரிந்த பிள்ளை இரண்டு வரியில் போட்டுவிடலாம். தேர்வு முடிந்தது ஜூலையில். அக்டோபரில் அந்த ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு, நியூட்ரினோக்கள் இப்படி மாறுகின்றன என்று நிறுவியதற்காக ஜப்பானின் தகாகி கஜிதாவுக்கும் கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டுக்கும் அறிவிக்கப்பட்டது. பிள்ளைகள் வீடு திரும்பி மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

செய்முறைக்கு மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் இரண்டு பங்கு ஒதுக்கியிருப்பதை நம் பள்ளிகள் கவனிக்க வேண்டும். அந்தத் தாளில் சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. எத்தனை முறை அளந்தாய், எவ்வளவு தூரம் தள்ளித் திரையை வைத்தாய், உன் அளவில் பிழை எவ்வளவு இருக்கலாம் என்று நீயே மதிப்பிட்டாயா என்பதற்கெல்லாம் உண்டு. ஒரு புள்ளி இடைவெளியை அளந்து விடுவதைவிட, இருபது புள்ளிகளைத் தாண்டி மொத்தமாக அளந்து இருபதால் வகுத்தால் பிழை குறையும் என்று யாரும் சொல்லாமலே தோன்ற வேண்டும். மேசை சிறிது, ஆனால் புள்ளிகள் விரிய நீண்ட பாதை வேண்டும் என்றால் கண்ணாடியை வைத்து ஒளியைத் திருப்பியனுப்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். கருவியோடு பழகிய கைக்கு மட்டுமே வரும் அறிவு இது. பயிற்சி மையத்தின் வினா வங்கியில் இது கிடைக்காது. நம் ஊரில் எத்தனையோ மேல்நிலைப் பள்ளிகளில் ரெக்கார்டு நோட்டு சென்ற ஆண்டு அண்ணனின் நோட்டைப் பார்த்து நிரம்புகிறது. சரியான விடை முதலிலேயே தெரிந்திருப்பதால் அளவுகள் அதற்கேற்பப் பிறக்கின்றன. எதிர்பாராத எண் வந்தால் அதை மறைக்கப் பழக்குகிறோம். பிராங்க்ளின் நான்காவது வரிசையில் கறை இல்லையென்று கண்டது மறைக்காத கண்ணால். நல்ல ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. பூட்டிய ஆய்வகத்தின் சாவியைக் கேட்டு வாங்கி, மாலையில் பிள்ளைகளோடு உட்காரும் ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்களுக்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பழைய ஒலிம்பியாட் வினாத்தாள்கள், விடைகளோடு, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கின்றன. ஹோமி பாபா மையம் இந்தியக் கட்டத் தேர்வுத் தாள்களையும் பொதுவில் வைத்திருக்கிறது. ஸ்பிரிங் வினாவைப் பள்ளியில் செய்துபார்க்கப் பெரிய செலவும் இல்லை. பால்பாயிண்ட் பேனாவைப் பிரித்தால் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. அதைச் சற்று அமுக்கி, சுற்றுகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்கு வரும்படி ஓர் அட்டையில் நிமிர்த்தி ஒட்டிக்கொள்ளுங்கள். லேசர் சுட்டியைக் கையில் பிடிக்காமல் புத்தகங்களுக்கு நடுவே அசையாமல் இருத்துங்கள். யார் கண்ணிலும் நேராகப் படாதபடி தாழ்வாக வையுங்கள். ஐந்து மீட்டர் தள்ளி, இருட்டிய வகுப்பறைச் சுவரில் வெள்ளைத் தாள். பெருக்கல் குறி வந்துவிடும். புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க இன்னும் தூரமும் பொறுமையும் வேண்டும். ஆனால் கைகளில் விழும் இருண்ட இடைவெளிகள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும், சாதாரண அளவுகோலுக்கே எட்டும். அதிலிருந்து கம்பியின் தடிமனைக் கணக்கிடுங்கள். பிறகு ஆய்வக அலமாரியிலுள்ள திருகு அளவியை எடுத்து அதே கம்பியை நேராக அளந்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் அது சுவரின் தூரத்தை அளந்ததில் வந்ததா, லேசர் மேல் ஒட்டியிருக்கும் அலைநீளத்தை அப்படியே நம்பியதில் வந்ததா, இருளின் நடுவை எங்கே என்று முடிவுசெய்ததில் வந்ததா என்று பிள்ளைகளே தேடட்டும்.